போட்டோவை வெளுக்க மாட்டேன், அம்மா

சயான் கோலிவாடா, மும்பை

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க எடுத்த நம் சின்னவளின் போட்டோ வந்துசேர்ந்தது. போனில் பேசினால் பாதியிலேயே சண்டையாகிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பாட்டி தூங்கின பிறகு சாவகாசமாக வாசியுங்கள்.

இங்கே மழை இன்னும் விடவில்லை. ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ரயில் ஏறி செம்பூரில் இறங்கினால் பார்லர் பக்கம்தான். லேடீஸ் பெட்டியை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும். கம்மலும் கிளிப்பும் விற்கிறவள் அந்த நெரிசலுக்குள்ளேயே நுழைந்து வருவாள். சாயங்காலம் என்றால் மடியில் கவரை வைத்து ராத்திரிக் குழம்புக்குக் காய் நறுக்குவார்கள். நிற்கவே இடமில்லாத இடத்தில் ஒருத்தி கண் மை தீட்டிக்கொண்டிருப்பாள், கோடு கொஞ்சமும் கோணாது. தொழில் தெரிந்த எனக்கே அது வராது.

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் தமிழ் ஆராதனைக்குப் போகிறேன். அங்கே முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மலையாளமா?" என்கிறார்கள். பார்லருக்கு ஒரு கோவாக்கார ஆன்ட்டி வருவார்கள், எழுபது வயதிருக்கும். முட்டுவரை ஃபிராக், உதட்டில் அடர்சிவப்பு லிப்ஸ்டிக். நம் பாஸ்டர் பார்த்தால் பிரசங்கத்தையே நிறுத்திவிடுவார். எங்கள் கடையில் தரை துடைக்கிறவளின் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுவது அந்த ஆன்ட்டிதான். அது எங்கள் முதலாளியம்மாவுக்குக்கூடத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது இரண்டு. ஒன்று, இங்கிருந்து வெளுப்பாக்குகிற க்ரீம். மற்றது, போட்டோவில் அவள் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பது.

க்ரீம் அனுப்ப மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பூசிக்கொண்டு பளபளவென்று இருக்கிறாளே என்கிறீர்கள். அந்த மாதிரி ட்யூப் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2018-லேயே அரசாங்கம் பல ஸ்டீராய்டு களிம்புகளுக்கு உத்தரவு போட்டது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொன்னால் எடுத்து நீட்டுகிறார்கள். முதல் சில வாரம் முகம் வெளுக்கும். அப்புறம் தோல் மெலிந்து உள்ளே சிவப்பு நரம்பு தெரியும், பரு வரும், தாடையில் முடி முளைக்கும், வெயில் பட்டால் எரியும். பூசுவதை நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகும். அப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் வாக்சிங்கே செய்வதில்லை, மேல்தோல் உரிந்து வந்துவிடும் என்று பயம். பக்கத்து வீட்டு அக்காவை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

போட்டோ வேலை எனக்கு அரை நிமிஷம். அதனால்தான் யோசித்து முடியாது என்கிறேன். கல்யாணப் பெண்ணுக்கு நானே பேஸ் போட்டு, கன்னத்தில் சிவப்பு ஏற்றி அனுப்புகிறேன். மேக்கப் மேக்கப்தான் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், ராத்திரி கழுவினால் போய்விடும். நிறத்தை மாற்றிய போட்டோவை இதுதான் பெண் என்று அனுப்புவது அப்படியல்ல. அது நீதிமொழிகளில் வருகிற கள்ளத்தராசு.

பேதுரு சொன்னதை நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள், "இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே" என்று. ஞானஸ்நானம் எடுத்த அன்று கம்மலைக் கழற்றி வைத்தவர் நீங்கள், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த வசனத்தில் பொன்னுக்கு முன்னால் வருவது "மயிரைப் பின்னி" என்பது. நம் சபையில் சடை பின்னாத பெண் யார்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புரோக்கர் கொண்டுவந்த சீட்டில் "சிவந்த நிறமுள்ள, தேவபயமுள்ள பெண்" என்று போட்டிருக்கிறது. நிறம் முதலில், தேவன் பிறகு. நகை போடாத சபைக்காரர்களாம், அதனால் பவுனுக்குப் பதில் சீதனத்தை ரொக்கமாகக் கேட்கிறார்கள்!

சாமுவேல் தீர்க்கதரிசியே தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்த்து, இவன்தான் ராஜா என்று நினைத்துவிட்டார். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று அவருக்கே சொல்ல வேண்டியிருந்தது. அதே அதிகாரத்தில் தாவீது வரும்போது சிவந்த மேனி, அழகிய கண்கள் என்றும் எழுதியிருக்கிறது. அழகு இருந்தால் இருக்கட்டும், வேதம் அதை மறைக்கவில்லை. உன்னதப்பாட்டுப் பெண்ணோ, "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்" என்கிறாள். அடுத்த வசனத்திலேயே காரணமும் சொல்கிறாள், வெயில் என்மேற்பட்டது என்று. நம் சின்னவள் மேலும் வெயில்தான் பட்டது. பாட்டிக்குப் படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, துணி அலசி, ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய் வருகிறவள் வேறெப்படி இருப்பாள்?

வெளித்தோற்றம் ஒன்றுமேயில்லை என்று நான் சொல்லவில்லை. நம் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண்களால் அப்படிச் சொல்லவே முடியாது. அந்தக் காலத்தில் மிஷன் வீட்டு அம்மாமார் தைக்கச் சொல்லிக்கொடுத்த குப்பாயத்தை, அந்த மேல்சட்டையை, நம் பெண்கள் போட்டதற்காக மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்து ஜாக்கெட்டைக் கிழித்தார்கள், சர்ச்சுகளைக் கொளுத்தினார்கள். திருவிதாங்கூர் ராஜா 1859 ஜூலை 26-ல் உத்தரவு போடும்வரை அந்தக் கலகம் ஓயவில்லை. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி. அந்தப் பெண்கள் அழகுக்காகவா அடி வாங்கினார்கள்? எங்களை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று ஊருக்குச் சொன்னார்கள். இன்று அவள் போட்டோவை வெளுத்துக் கொடுத்தால், ஊர் பார்க்கிற பார்வையே சரி என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. அவளும் அந்த வீட்டில் ஆயுசு முழுக்க அந்தப் போட்டோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

போட்டோவை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். அவளுக்குக் கொஞ்சம் சன்ஸ்கிரீன் வைத்திருக்கிறேன். அது நிறத்துக்கில்லை, வெயில் எரிச்சலுக்கு. பாட்டிக்கு மாற்று நைட்டியும் பார்சலில் இருக்கிறது. பணம் போட்டாகிவிட்டது, கூரை ஓடுகளை இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் இவள் நிறம், உயரம், சம்பளம் எல்லாம் கேட்டாயிற்று. நாம் ஒன்றுமே கேட்கவில்லை. பையன் குடிப்பானா? கோபம் வந்தால் வீட்டில் எப்படிப் பேசுவான்? அவன் அப்பா போன வருஷம் படுத்திருந்தபோது பக்கத்தில் யார் இருந்தது? வேலை செய்யும் இடத்தில் அவனுக்குக் கீழே இருக்கிறவர்கள் அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? புரோக்கர் மழுப்பினால் மாமாவை நேரில் அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள். பதில் வந்தபிறகு பெண் பார்க்க நாள் குறிக்கலாம். நானும் லீவு கேட்கிறேன்.

அன்புள்ள,
மூத்தவள்