ஒரு குடுவை வெந்நீருக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். என் பழைய ஹோண்டா சூப்பர் ஃபோர் மோட்டார்சைக்கிள் நேற்று வருடாந்தரப் பரிசோதனையில் தேறிவிட்டது. மூன்று வாரங்களாக அதன் கார்புரேட்டர்களோடு, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகங்களோடு, நான் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். விரல்களில் பெட்ரோல் வாடை போவதற்குள் இந்த மடலை எழுதிவிட விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் தம் பட்டறையின் ஒரு மூலையை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்காகத் திறந்து வைத்த நண்பர், அடைத்துக் கிடந்த ஸ்லோ ஜெட்டுகள் என்ற சிறு பெட்ரோல் துளைகளைப் பொறுமையாகச் சுத்தம் செய்த இருவர், ஜொகூரில் கடை கடையாக ஏறி இறங்கிக் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வாங்கி வந்த தம்பி, எஞ்சின் காற்றை இழுக்கும் அளவைக் காட்டும் வேக்குவம் கேஜ்களை இரவல் தந்ததோடு நான்கு கார்புரேட்டர்களும் ஒன்றுபோல் இழுக்கும்படி சரிசெய்தும் கொடுத்தவர் ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஆனால் இந்த மடல் முதன்மையாக அந்தக் கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவருக்கு உரியது. நம்மவர்கள் ஜாகா என்று அழைக்கும் வேலை அது.

கார்புரேட்டர்களைக் கழற்றுவது எளிது, திரும்ப மாட்டுவதுதான் கடினம் என்று பலரும் எச்சரித்திருந்தார்கள். நான்கு கார்புரேட்டர்களும் ஒரே சட்டத்தில் பிணைந்திருப்பதால், முன்புறம் எஞ்சினின் நான்கு ரப்பர்களிலும் பின்புறம் காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸின் நான்கு ரப்பர்களிலும் அவை ஒருசேர உட்கார வேண்டும். இருபது ஆண்டுக்கும் மேலாக எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பரோ கட்டைபோல் இறுகிக் கிடந்தது. பட்டறை நண்பர் வீடு திரும்பிய பிறகு, தனியாகத் தள்ளித் தள்ளி என் உள்ளங்கை தோல் உரிந்த வேளையில்தான் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போனவர், தம் இரவுக் காப்பிக்காக வைத்திருந்த வெந்நீர்க் குடுவையோடு திரும்பினார்.

“பலத்தைக் காட்டாதே தம்பி, ரப்பர் கிழிந்துவிடும்” என்றார். எஞ்சினின் வாய்களைச் சுத்தமான துணியால் அடைக்கச் சொல்லிவிட்டு, வேறு துணிகளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் ஒவ்வொரு ரப்பரையும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ரப்பர்களை இறுக்கும் கிளாம்புகளை நன்றாகத் தளர்த்தி, திருப்புளி எட்டும் பக்கமாகத் திருகுகளைத் திருப்ப வைத்தார். பிறகு கை நுழையாது என்று திராட்டில் கேபிள்கள் இரண்டையும் முன்கூட்டியே மாட்ட வைத்தார். அடைத்த துணிகளை எண்ணி எடுத்து, விளிம்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி, முதலில் எஞ்சின் பக்கம் லேசாக அசைத்து அழுத்தியபோது நான்கும் ‘தப்’பென்று உட்கார்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்புறத்தையும் பொருத்திவிட்டு நான் கிளாம்பை முறுக்கப் போனபோது தடுத்து, டார்ச் அடித்துப் பின்புறம் பார்த்தார். மூன்றாவது ரப்பரின் விளிம்பு உள்ளே மடிந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் வடிகட்டாத தூசி நேரே சிலிண்டருக்குள் போயிருக்கும். விரல் நுனியால் அதை மெல்ல வெளியே இழுத்துவிட்டார். இளமையில் பட்டறையில் வேலை பார்த்தவராம். அதை அவர் சொன்னதே கடைசியில்தான். அன்றிரவு அவருக்குக் காப்பி இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு நம் சாலைகளில் ஓட முடியாது. என்னுடையதும் அவற்றில் ஒன்று. அதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் அக்கறையோடு கேட்டார்கள். எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்பதாலேயே அதை நல்ல நிலையில் ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிய குடுவை ஒன்றை வாங்கிக்கொண்டு போய்ப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “உன் வண்டிப் பெட்டியிலேயே இருக்கட்டும், எவனாவது ரப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான்” என்றார். காப்பித் தூளை மட்டும் வாங்கிக்கொண்டார். குடுவை இப்போது என் பெட்டியில் இருக்கிறது. உங்களில் யாராவது கார்புரேட்டரை மாட்ட உட்காரும் ஞாயிற்றுக்கிழமையில் என்னை அழையுங்கள், வெந்நீரோடு வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்