சைக்கிள் பாதை வரைபடப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டாரத்துச் சைக்கிள் பாதைகள் எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஏற்றி முடிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். முடிக்கவில்லை. புதுக் கோடு போடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே இருந்த கோடுகளைச் சரிபார்க்கப் போய்விட்டோம். செயற்குழு கூடிப் பேசி எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஏன் என்று விளக்குவதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து திருத்தலாம். தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், தரவை மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அதில் புள்ளிக்கு நோட் என்று பெயர். புள்ளிகளைக் கோர்த்தால் வே. பல வேக்களைச் சேர்த்துக் கட்டினால் ரிலேஷன். பெயரோ எண்ணோ வைத்துப் பலகை நட்ட ஒரு சைக்கிள் வழித்தடம், வரைபடத்தில் ஒரு ரிலேஷன். உள்ளூர்த் தடமா, வட்டாரத் தடமா, தேசியத் தடமா என்பதையும் அதில்தான் குறிக்கிறோம்.

இனி நடந்த கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில் புது உறுப்பினர் ஒருவர் கைபேசி காட்டிய வழியில் போய், எங்களுக்கு வெகுநேரம் பின்னால் வந்து சேர்ந்தார். நேரே போகும் பாதை கண்ணெதிரே இருக்க, செயலி அவரைச் சுற்றி அனுப்பியிருக்கிறது. அன்று மாலையே வரைபடத்தைத் திறந்து, கடைசி அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாங்கள் வரைந்த பாதையின் முனை சாலையைத் தொட்டதுபோல் இருந்தது, ஆனால் தொடவில்லை. இரண்டுக்கும் பொதுவான நோட் இல்லை. பார்ப்பவருக்கு அது சேர்ந்த பாதை, வழி கணக்கிடும் செயலிக்கோ முட்டுச்சந்து. முனையை இழுத்துச் சாலைக்கோட்டில் ஒட்டவைத்ததும் வேலை முடிந்தது. அடுத்த முறை செயலி தரவைப் புதுப்பித்தபோது வழி நேராக வந்தது.

அப்புறம் தேடத் தேட இப்படி நிறையக் கிடைத்தன. ஒரு மேம்பாலத்தில் இதற்கு நேர்மாறான பிழை. பாலத்தின் மேல் போகும் சைக்கிள் பாதையும் கீழே போகும் சாலையும் ஒரே நோட்டில் இணைந்திருந்தன. அதாவது, நடுப்பாலத்தில் திரும்பிச் சாலைக்கு இறங்கிவிடலாம் என்று வரைபடம் சொல்லிக்கொண்டிருந்தது. இணைப்பைப் பிரித்து, பாலம் என்றும் மேல் அடுக்கு என்றும் குறித்தோம். கோடு அழகாக இருப்பதால் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பது அந்த வாரம்தான் எங்களுக்கு உறைத்தது.

தடுப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாதைமுகப்பில் நட்டிருக்கும் குட்டைத் தூண்களை நம்மில் பலர் பொருட்படுத்துவதில்லை, புகுந்து போய்விடுகிறோம். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வரும் உறுப்பினர் ஒருவர், ஒரு தடத்தின் முக்கால்வாசி தூரம் வந்து அப்படியொரு தடுப்பில் நின்றுவிட்டார். திரும்பி வந்த வழியே போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சுற்றுக்குப் போகும் ஒவ்வொரு குழுவும் அளவு நாடா எடுத்துப்போனது. இருவர் குனிந்து இரண்டு தூண்களுக்கு நடுவே நாடாவைப் பிடிக்க, மூன்றாமவர் குறித்துக்கொள்வார். தூணா, வளைந்து வளைந்து நுழைய வேண்டிய கம்பித் தடுப்பா, நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை அந்தந்த நோட்டில் ஏற்றினோம். இழுவண்டி கட்டிக் குழந்தையோடு போகிறவருக்கும் சரக்கு சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் புறப்படும் முன்பே தெரிய வேண்டிய விஷயம் இது. இந்த ஆண்டு நாம் செய்ததில் எனக்கு அதிகம் பிடித்த வேலையும் இதுதான்.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். வளைவு சரியில்லாத ஒரு பழைய வேயை அழித்துவிட்டு, புதிதாக வரைந்தேன். அது ஒரு தடத்தின் உறுப்பு என்று, வரைபடத்தைத் திருத்தும் கணினி மென்பொருளான ஜேஓஎஸ்எம் எச்சரித்தது. முழுவதும் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். தடம் நடுவில் அறுந்துபோய், தடங்களை மட்டும் எடுத்துக் காட்டும் வேமார்க்டு டிரெயில்ஸ் தளத்தில் இரண்டு துண்டாகத் தெரிந்தது. வேறு வட்டாரத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர் அதைக் கவனித்து, என் திருத்தத்தின் கீழ் பொறுமையாக விளக்கியிருந்தார். பழைய பதிப்புகள் சேமிப்பில் இருப்பதால் மீட்க முடிந்தது. எல்லோருக்கும் என் வேண்டுகோள்: கோட்டை அழிக்காதீர்கள், நகர்த்துங்கள். அதன் வரலாறும் அது சேர்ந்திருக்கும் தடமும் அப்போதுதான் தப்பும்.

செயற்குழுவில் சூடாக நடந்த விவாதம், நம் ஞாயிற்றுக்கிழமை வழியைத் தடமாக ஏற்றலாமா என்பது. நல்ல வழிதான், எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே பலகை கிடையாது. வேறொருவர் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்யக்கூடியதைத்தான் ஏற்ற வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை மரபு. எனவே ஏற்றவில்லை. அந்த வழியில் உள்ள சாலைகளின் தரைப்பரப்பையும் அகலத்தையும் மட்டும் குறித்தோம். வருத்தப்பட்டவர்களுக்கு: வழியைத் தனிக் கோப்பாக எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறோம். வணிக வரைபடம் ஒன்றிலிருந்து பெயர்களை எடுத்து வந்த உறுப்பினரின் பட்டியலையும் இதே கண்டிப்போடு திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பிற வரைபடங்களிலிருந்து நகலெடுக்கக் கூடாது.

பலகைகளிலும் சிக்கல் உண்டு. ஒரு தடத்தின் ஒரு பாதியில் புது எண், மறு பாதியில் பழைய எண். பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. எங்கே எந்தப் பலகை நிற்கிறதோ, அங்கே அந்த எண்ணையே வைத்திருக்கிறோம்.

பயிற்சி வகுப்புகள் நன்றாக நடந்தன. கணினி முன் உட்காரத் தயங்கியவர்களுக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற கைபேசிச் செயலி கைகொடுத்தது. பாதையில் நின்றுகொண்டே, தரை எப்படி, விளக்கு உண்டா என்று அது கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். ஜிபிஎஸ் பதிவைப் பொறுத்தவரை, ஒரே ஓட்டத்தை நம்பி வரைய வேண்டாம். திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். நாலைந்து பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வான்வழிப் படமும் இடம் நகர்ந்திருக்கலாம், பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே வரையுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் விளக்கு உள்ள பாதை எது, இல்லாதது எது என்று சரிபார்க்க உத்தேசம். விளக்குக் கம்பம் நிற்பதைப் பகலில் பார்த்துக் குறித்திருக்கிறோம், அது எரிகிறதா என்று இருட்டிய பிறகு போனால்தான் தெரியும். முதல் இரவுச் சுற்றுக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். மூவர் மூவராகப் போவோம். முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம்.

செயலாளர்