பரிந்துரைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்து

அன்புள்ள கயல்,

மனச்சோர்வு சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிமுறையைத் துறைக் கூட்டத்தில் விளக்கப் போவதாக எழுதியிருந்தாய். பல பரிந்துரைகளுக்குப் பக்கத்தில் ‘சான்று குறைவு’ என்று இருக்கிறதே, பிறகு எதை நம்பி மருந்து எழுதுவது என்றும் கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

சான்றின் உறுதி வேறு, பரிந்துரையின் வலிமை வேறு. சான்றைத் தரம் பிரிக்கும் கிரேட் முறையில் சான்றுக்கு உயர்வு, மிதம், குறைவு, மிகக் குறைவு என நான்கு படிகள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிக்கும் ராண்டம் ஆய்வுகள் மேல் படியில் தொடங்கும். நடத்திய விதத்தில் கோளாறு, முடிவுகளுக்குள் முரண், உன் நோயாளிக்கு நேராகப் பொருந்தாமை, ஆட்கள் போதாமை, சாதகமில்லாத ஆய்வுகள் வெளிவராமை என்று குறை தென்படத் தென்படப் படி இறங்கும். ஆக, ‘குறைவு’ என்றால் மருந்து பலிக்காது என்று பொருளில்லை. அடுத்த ஆய்வில் விடை மாறிவிடலாம் என்றுதான் பொருள். பரிந்துரையை எழுதும்போது தீங்கு, செலவு, நோயாளியின் விருப்பம் எல்லாம் சேர்கின்றன. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல், தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு நோயாளி விரும்பினாலொழிய மாத்திரையை முதல் சிகிச்சையாக வழக்கமாகத் தர வேண்டாம் என்றது இப்படித்தான்.

வெளிவராத ஆய்வுகள்தான் இந்தத் துறையின் பெரிய நோய். 2008இல் டர்னர் என்பவரின் ஆய்வுக் குழு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கோப்புகளைத் திறந்து, 12 மனச்சோர்வு மருந்துகளின் 74 ஆய்வுகளைப் பார்த்தது. சாதகமான 38இல் 37 அச்சேறியிருந்தன. மற்ற 36இல் 22 வெளிவரவே இல்லை; 11 சாதகம் போலத் திரித்து எழுதப்பட்டிருந்தன; 3 மட்டுமே உள்ளபடி வந்தன. இதழ்களை மட்டும் படித்தவருக்கு 94 சதவீதம் வெற்றி. கோப்புகளில் இருந்ததோ 51 சதவீதம். அதனால் எந்த நெறிமுறையை எடுத்தாலும், வெளியிடப்படாத தரவையும் தேடினார்களா என்று முதலில் பார்.

2018இல் சிப்ரியானி என்பவரின் குழு மனச்சோர்வு மருந்துகள் பற்றிய 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் ஒன்றாக்கி அலசியது. வெளியிடப்படாதவற்றையும் தேடிச் சேர்த்தது. 21 மருந்துகளும், மருந்தே இல்லாத போலி மாத்திரையை முந்தின. ஆனால் இடைவெளி சிறியது. மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் 52 புள்ளி ஹாமில்டன் அளவுகோலில் ஏறக்குறைய 2 புள்ளி. பெரும்பாலும் 8 வாரக் கணக்கு அது. இதைச் சொல்லாமல் ‘எல்லா மருந்தும் வேலை செய்கிறது’ என்று ஒரு ஸ்லைடு போட்டால், கேட்பவரை ஏமாற்றுகிறாய்.

பேச்சு சிகிச்சை ஆய்வுகளில் சிக்கல் வேறு விதம். யார் எதைப் பெறுகிறார் என்பதை மறைக்கவே முடியாது. போதாக்குறைக்கு, பலவற்றில் ஒப்பீட்டுக் குழு வெறும் காத்திருப்புப் பட்டியல். சும்மா காத்திருப்பவரோடு ஒப்பிட்டால் எதுவும் பிரமாதமாகத் தெரியும். போலி மாத்திரையோடு மோதி வந்த எண்ணையும் காத்திருப்புப் பட்டியலோடு மோதி வந்த எண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே. உன் சீனியர்களே செய்யும் தவறு இது.

எல்லாமே மங்கல் என்றும் நினைத்துவிடாதே. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. போலி மாத்திரைக்கு மாறியவர்களில் 64. 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த கணக்கு. மருத்துவத்தின் எந்தத் துறையிலும் இது பெரிய வித்தியாசம்தான். மற்ற மருந்துக்கு மசியாத மனச்சிதைவில், 1988 ஆய்வில் க்ளோஸபின் என்ற மருந்து 30 சதவீதத்தினருக்குப் பலன் தந்தது. ஒப்பீட்டு மருந்து 4.

சான்று நிஜமாகவே மெலிவது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போதும், கர்ப்பிணிகள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் போன்று பெரும்பாலான ஆய்வுகள் சேர்க்காமல் விட்டவர்கள் விஷயத்திலும். அங்கெல்லாம் நீ படிப்பது பெரும்பாலும் நெறிமுறையை எழுதிய குழுவின் கருத்து. அதைக் கருத்து என்றே சொல்லிவிடு.

நோயாளியிடம் சதவீதத்தைவிட ஆள் கணக்கு சொல். மனச்சோர்வு நன்றாகி, மருந்தை நிறுத்தலாம் என்று நினைத்தவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. ஓராண்டுக்குள், தொடர்ந்த 100 பேரில் 39 பேருக்கும், படிப்படியாகக் குறைத்து நிறுத்திய 100 பேரில் 56 பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல். நிறுத்தியும் 44 பேர் நன்றாக இருந்தார்கள், தொடர்ந்தும் 39 பேருக்குத் திரும்பியது என்பதைக் கேட்ட பிறகு அவர் எடுக்கும் முடிவு அவருடையதாக இருக்கும்.

ஸ்லைடுகளில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே எதோடு ஒப்பிட்டார்கள், யாரிடம், எத்தனை வாரம் என்று ஒரு வரி சேர். அந்த வரியை நிரப்ப முடியாத பரிந்துரைகளைத் தனியே எடுத்து வை. விவாதத்துக்கு அவை போதும். வியாழனுக்குள் அனுப்பினால் பார்த்துவிடுகிறேன்.

அப்பா