அலுமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்

முழங்காவில்,
மாசி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதமும் பேத்தியின் முதல் நன்மைப் படமும் கிடைத்தன. உன் தலையில் ஒரு கறுப்பு மயிர்கூட மிச்சமில்லை என்பதை என் மனைவி உடனே கண்டுபிடித்துவிட்டாள். இங்கே காலபோக அறுவடை முடியும் தறுவாயில் இருக்கிறது. மார்கழி மழை சில வயல்களைச் சாய்த்துவிட்டது, எங்களுடையது தப்பியது. பன்றியும் மயிலும் செய்யும் அட்டகாசத்தை எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும் என்பதால், நீ கேட்டதற்கு வருகிறேன். ஜேர்மனியில் அத்தனை காலம் கூடி வளர்த்த கோயில் சனத்தை விட்டுவர எப்படி மனம் வந்தது என்று கேட்டிருந்தாய்.

மனம் வரவில்லை. அம்மாவுக்கு வயது போய்விட்டது, காணியைப் பார்க்க ஆளில்லை, எனக்கும் ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது, ஆகவே வந்தோம்.

உங்கள் நகரத்தில் தமிழருக்கென்றே ஒரு கோயில் பங்கு இருக்கிறது. எங்களுக்கு அப்படியில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஜேர்மன்காரரின் பூசை முடிந்து கோயில் காலியான பின், பிற்பகலில் எங்கள் பூசை நடக்கும். அதற்கும் சுவாமி வேறொரு நகரத்தில் பூசை வைத்துவிட்டு ரயிலேறி வருவார். நாங்கள் இருந்தது எசன் மறைமாவட்டம். ரூர் பிரதேசத்துக்கென 1958 இல் உருவாக்கப்பட்ட அந்த மறைமாவட்டத்தில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களே கோயில்களை நிரப்பியிருந்தன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. பொட்ரொப் நகரில் கடைசிக் கருங்கரிச் சுரங்கமும் 2018 மார்கழியில் மூடப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பங்குகளை 43 ஆகச் சுருக்கிவிட்டார்கள். பல கோயில்கள் கைவிடப்பட்டன. தங்கள் கோயிலே நாளைக்கு இருக்குமோ என்ற நிலையில் இருந்த சனம்தான் எங்களுக்குக் கோயிலையும் மண்டபத்தையும் திறந்துவிட்டது என்பதை எங்கள் ஆட்களில் பலர் யோசித்துப் பார்த்ததேயில்லை என்பது என் எண்ணம்.

பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் எங்களுக்கென்று ஓர் அலுமாரி தந்திருந்தார்கள். அதன் சாவி கடைசிவரை என்னிடம் இருந்தது. பாட்டுக் கொப்பிகள், ஓரம் பிய்ந்த பீடத் துணி ஒன்று, மடுக் கோயில் மாதாவின் சிறிய சுருவம், சாம்பிராணி டப்பா, தேநீர் கொதிக்கவைக்கும் பெரிய பாத்திரம், யாரோ ஒரு நத்தாருக்கு வாங்கி எரியாமல் போன மின்குமிழ் மாலை, இவைதான் எங்கள் சொத்து. புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை அவற்றையெல்லாம் வெளியே எடுத்துத் துடைத்துக் கணக்கெழுதி, பொறுப்பெடுத்த தம்பியிடம் கொடுத்தேன். மின்குமிழ் மாலையை எறிந்துவிடலாம் என்று நான் சொல்ல, அவன் வேண்டாம் அண்ணை, இருக்கட்டும் என்று திரும்ப உள்ளே வைத்தான். விடைபெற்றேன் என்று சொல்வதானால் அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வேன்.

மறுநாள் நடந்த பிரியாவிடையில் பொன்னாடை, வாழ்த்துரை, கேக் எல்லாம் வழமைபோல இருந்தன, பேச்சுகள் நீண்டன, எனக்கு அவற்றில் ஈடுபாடு குறைவு. ஒன்றை மட்டும் எழுதவேண்டும். முதலாம் வாசகத்தை வாசித்த பிள்ளைக்குப் பதினாறு வயதிருக்கும். தமிழை ஜேர்மன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ‘ழ’ வரும் இடத்திலெல்லாம் மூச்சை நிறுத்தி, ஒரு பிழையுமில்லாமல் வாசித்து முடித்தாள். இந்தத் தமிழ்ப் பூசை இன்னும் எத்தனை காலத்துக்கு என்று நாங்கள் கூட்டம் போட்டுக் கவலைப்பட்டதுண்டு. அவள் அந்தக் கூட்டங்களுக்கு வந்தவளல்ல.

பூசைக்குப் பின் ஜேர்மன் மூப்பர் மண்டபத்துக்கு வந்தார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. மண்டபத்தில் ரோல்ஸ் பொரித்தால் மணம் ஒரு கிழமைக்குப் போகாது என்று கதவில் அறிவித்தல் ஒட்டிவைத்த மனிதர். அவரை நான் ஆரம்பத்தில் எதிரியாகவே எண்ணியிருந்தேன். பின்னர் ஒருமுறை, புனித பார்பராவின் நாளான மார்கழி 4 ஆம் திகதி, இலையில்லாத செரிக் கிளைகளை வெட்டி வந்து தண்ணீரில் வைத்து, நத்தாருக்குள் பூக்கும் என்றார்; பார்பரா சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலி. சொன்னபடியே வெள்ளைவெளேரென்று பூத்தது. பிரியாவிடை நாளன்று மட்டும் அவர் ரோல்ஸ் இல்லையா என்று கேட்டு, மூன்று சாப்பிட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிப் போனார்.

வசிப்பிடப் பதிவை நீக்கப் போன அலுவலகத்தில், இனி தேவாலய வரி கழிக்கப்படாது என்றார்கள். அங்கே வருமான வரியில் நூற்றுக்கு ஒன்பது வீதம் கோயிலுக்கென்று சம்பளத்திலேயே வெட்டிவிடுவார்கள் என்று முன்பு உனக்குச் சொல்லியிருக்கிறேன். அத்தனை காலமும் முணுமுணுத்துக் கட்டிய வரி நின்றபோது மகிழ்ச்சி வரவில்லை என்பது எனக்கே வியப்பு.

கெவலாரையும் நீ அறிவாய். ஆவணியில் தமிழர் திரளும் அந்த யாத்திரைத் தலத்தில் இருப்பது ஒரு கடதாசிப் படம், உள்ளங்கைக்குள் அடங்கும். முப்பதாண்டுப் போர்க் காலத்தில் படைவீரர் கையிலிருந்து வந்து 1642 இல் அங்கே வைக்கப்பட்டது என்பது வரலாறு. மாந்தையிலிருந்து ஒல்லாந்தருக்கு அஞ்சிக் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்ட மடுமாதா, 2008 சித்திரையில் எறிகணைகளுக்கு நடுவே தேவன்பிட்டிக்கு வந்தாளே, அந்தத் தேவன்பிட்டி இங்கிருந்து அதிக தூரமில்லை. கெவலாரில் நெற்றியில் திருநீற்றோடு வரிசையில் நின்ற சைவச் சனத்துக்கு இதையெல்லாம் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் உண்மையில் எதை விட்டு வந்தேன் என்பது இங்கே வந்த பிறகே தெளிவானது. ஊருக்கொரு கோயில், கோயிலுக்குள்ளும் சாதிக்கொரு இடம் என்று வளர்ந்தவர்கள் நாம். திருவிழாவில் சுருவக் கூட்டைத் தூக்குவது யார் என்பதில் மண்டை உடைந்த கதைகள் உனக்கும் தெரியும். அங்கே பாசையூரும் நாவாந்துறையும் பேசாலையும் முல்லைத்தீவும் ஒரே வாங்கில் இருந்தன. கூட்டைத் தூக்க உயரம் ஒத்த நான்கு பேரைத் தேடினோமே தவிர வேறு கணக்குப் பார்க்கவில்லை. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். கல்யாணப் பேச்சென்று வந்தால் பழைய விசாரிப்பு தொலைபேசியில் தொடங்கிவிடும். என்றாலும் அந்த நான்கு தோள்களை நான் கண்டேன். இங்கே கடந்த திருவிழாவில் கூடு வெளிக்கிட்டபோது, எந்தப் பக்கம் யார் நிற்பது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. இளம் பங்குத்தந்தையிடம் பேசினேன். அவருக்கும் அது மனவருத்தம்தான், ஆனால் கூட்டத்தில் சொன்னபோது மூத்தவர்கள், வெளிநாட்டால் வந்தவர் அவசரப்படுகிறார் என்று சிரித்தார்கள். வரும் ஆண்டும் சொல்வேன்.

நீ ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். நிச்சயமென்றால் வைகாசிக்குள் சொல்லிவிடு. கூடாரம் போட நிழலுள்ள இடம் கிடைப்பது பெரும்பாடு, வீடுகள் அதைவிட. அம்மாவும் வரப்போவதாகச் சொல்கிறா, ஆகவே இரவு படுக்க ஒரு கட்டிலும் ஏற்பாடு செய்யவேண்டும். அங்கிருந்து போர்வை கொண்டுவராதே, இங்கே வேண்டிய அளவு இருக்கிறது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்