கீரைக்கு உப்பு கடைசியில்

வண்டியூர், மதுரை
ஆடி 12

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். போனில் கூப்பிட்டால் ‘ம்’, ‘சரிம்மா’, ‘மீட்டிங்ல இருக்கேம்மா’ என்று மூன்று பதிலில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் பார்சலோடு இந்தத் தாளையும் வைக்கிறேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது.

பெட்டியில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேஷனில் 30 ரூபாய்க்குப் போட்ட துவரம்பருப்பு ஒரு கிலோ, கல் பொறுக்கிப் புடைத்தது. சுண்டைவற்றல், மோர் மிளகாய். பருப்புப்பொடி இரண்டு டப்பா. ஒரு மத்து, ஒரு சின்ன மண்சட்டி. சட்டியை என் பழைய சேலையில் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. அப்புறம் பேப்பரில் மடித்த விதைப் பொட்டலம் மூன்று: சிறுகீரை, அரைக்கீரை, வெண்டை. மேலே பேனாவால் எழுதியிருக்கிறேன். அப்பா இன்று ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். காலையில் கிளாம்பாக்கம் போய் எடுத்துக்கொள். போன தடவை மாதிரி தூங்கிவிடாதே. மாங்காய் ஊறுகாய் மெட்ராஸைப் பார்த்துவிட்டு மதுரைக்கே திரும்பி வந்த கதையை இந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை.

வேறு சேதி என்றால், சின்ன அத்தை வீட்டில் ஆவணியில் கிரகப்பிரவேசம். பத்திரிகையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் அவள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ‘உன் மகன் வீட்டிலிருந்து எத்தனை பேர்?’ என்று என்னைக் கேட்டாள். இரண்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரி, அதை விடு.

நான் எழுத உட்கார்ந்தது சாப்பாட்டு விஷயம். சித்திரையில் அழகர் வண்டியூருக்கு வந்த அன்று உன் அக்கா மகன் உன் போனை எடுத்து வைத்துக்கொண்டு, ‘மாமா, ஒரே மாசத்துல ஐம்பத்தேழு ஆர்டர்!’ என்று கத்தினானே, ஞாபகம் இருக்கிறதா? வீடு நிறைய சொந்தக்காரர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒன்றுக்கு 220 ரூபாய் என்று வைத்தாலே மாசம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. வீட்டு லோன் கட்டுகிறவன் சாப்பாட்டுக்கு இவ்வளவு கொடுப்பானா? நம் வீட்டில் அரிசி, பருப்பு, பால், காஸ் எல்லாம் சேர்ந்தும் இத்தனை வராது.

பணத்தைச் சொல்கிறேன். பணத்தை மட்டும்தான் சொல்கிறேன். வெளியில் வாங்காதே தம்பி. அந்த எண்ணெய் உனக்கு ஒத்துக்கொள்ளாது.

உனக்குத் தெரியாத விஷயமா இது? 1999-ல் அண்ணா நகரில் உழவர் சந்தை திறந்தபோது உனக்கு ஏழு வயது. மாநிலத்திலேயே முதல் சந்தை அது. அந்த வருஷம் அப்பாவுக்கு மில்லில் பாதிச் சம்பளம். கூட்டம் கலையும் நேரம் பார்த்துப் போய், மிஞ்சினதைக் குறைத்துக் கேட்டு வாங்கி வருவோம். அதுவும் கட்டுப்படியாகாமல்தான் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் நாலு பாத்தி கட்டினேன். தண்டுக்கீரை, அரைக்கீரை, ஓரத்தில் பொன்னாங்கண்ணி. நம் செலவுக்குப் போக மீதியை நீதான் கட்டுக் கட்டாகத் தெருவில் கொண்டுபோய்க் கொடுத்தாய். வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்தாய். ஆனால் காலாண்டுப் பரீட்சைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் யார் எத்தனை கட்டு, யார் பாக்கி என்று எழுதி வைத்திருந்தாய் பார், அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா மூன்று ரூபாய் பாக்கி. இன்றுவரை தரவில்லை. கணக்கில் உன்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் ஐம்பத்தேழு தடவை.

கீரை விற்க உன்னை விட்டேன். அடுப்படிக்குள் மட்டும் விட்டதில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது விதை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். பதினெட்டாம் பெருக்குக்குள் போட்டுவிடு. உங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது, பதினோரு மணி வரைக்கும் வெயில் விழுகிறது, நான் பார்த்திருக்கிறேன். கீரைக்கு அது போதும். தொட்டி எல்லாம் காசு கொடுத்து வாங்காதே. அரிசிப் பை இருக்கும். 2022-ல் 25 கிலோ வரைக்கும் வரி போட்டாலும் போட்டார்கள், அதிலிருந்து 26 கிலோப் பையாக வருகிறதே, அதுதான். பாதிக்கு மடித்துவிட்டு அடியில் ஏழெட்டு ஓட்டை போடு. செம்மண், தேங்காய்நார்த் தூள், மண்புழு உரம் மூன்றும் சரிசமமாகக் கலந்து நிரப்பு. அது ஒரு நானூறு ஐந்நூறு ஆகும், ஒரு தடவைதான்.

கீரை விதை கடுகைவிடப் பொடிசு. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்துவிடும். ஒரு சிட்டிகை விதைக்கு நாலு சிட்டிகை மணல் சேர்த்து, கோலம் போடுகிற மாதிரி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே போ. மேலே மண் தள்ளிப் புதைக்காதே, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும். தண்ணீரை ஊற்றாதே, கையில் அள்ளித் தெளி. எறும்பு வந்து விதையைத் தூக்கிப் போகும். பை ஓரத்தில் மஞ்சள்தூள் தூவி வை. நாலு நாளில் சிவப்பும் பச்சையுமாகத் தலை நீட்டும். சிறுகீரையை இருபத்தைந்து நாளுக்குள் வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரையைப் பிடுங்காதே, அடியில் ஒரு விரல் அளவு விட்டுக் கிள்ளு, திரும்பத் திரும்பத் துளிர்க்கும். வெண்டைக்கு ஒன்றரை மாசம் பொறுத்திரு. இலைக்கு அடியில் வெள்ளையாக மாவு அப்பின மாதிரி பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் சேர்த்து அடி. தக்காளிக்கு இப்போதே ஆசைப்படாதே. 2023 ஆடியில் தக்காளி கிலோ நூறைத் தாண்டினபோது நம் மாடியில் காய்த்தது உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் மூன்று வருஷம் எனக்கு வெறும் இலைதான் வந்தது.

இரண்டு பை கீரையில் லட்சம் மிச்சமாகாது, எனக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் கூட்டுக்கு வரும், கடை விலையில் நாற்பது ரூபாய். ஆனால் பறித்த கீரை வாடுவதற்குள் அடுப்பில் ஏறியாக வேண்டும். அன்றைக்குப் போனை எடுக்க மாட்டாய். எனக்கு அந்த லாபம் போதும்.

சமைப்பதும் பெரிய வித்தை இல்லை. ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி. ஒரு கைப்பிடி பருப்பைத் தனிக் கிண்ணத்தில் போட்டு அதே குக்கருக்குள் வை. கீரையை அலசி நறுக்கிச் சட்டியில் போடு. நாலு பல் பூண்டு, ஒரு பச்சைமிளகாய், கொஞ்சம் சீரகம். மூடி வைக்காதே. மூடினால் பச்சை போய்க் கறுத்துவிடும். உப்பு இப்போது போடாதே. சட்டி நிறைய இருப்பதைப் பார்த்து உப்பை அள்ளிப் போட்டால், வெந்து வற்றி ஒரு கைப்பிடி ஆனதும் வாயில் வைக்க முடியாது. நானே புதுசாக வந்தபோது அப்படிப் போட்டு உன் அப்பத்தாவிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். இறக்கினதும் உப்பைப் போட்டு மத்தால் கடை. நல்லெண்ணெயில் கடுகு, வெங்காயம், வடகம் இருந்தால் வடகம். எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய் தாண்டாது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கு மோர் மிளகாய் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. வெளியில் வாங்காதே.

அந்த ஐம்பத்தேழில் இன்னொன்றையும் அவன் கேட்டான். ‘எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, ஒரு தோசை, ஒரு பிரியாணி, ஏன் மாமா ஒண்ணு ஒண்ணா வாங்குறீங்க?’ என்றான். நீ போனைப் பிடுங்கிக்கொண்டாய். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

சித்திரைக்கு மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். இப்போது ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். தலை ஆடிக்கு அழைப்பார்கள். நாலு வருஷம் கழித்து எந்த ஊரில் அழைக்கிறார்கள்? அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார், காலையில்தான் விட்டிருந்தார். உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தையில் உங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தேன் இல்லையா. ஒரு நாள் ராத்திரி அந்தப் பிள்ளை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஆபீஸில் பேசிக்கொண்டிருந்தாள். நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். சந்தோஷமாகத்தான் இருந்தாய். எனக்கு வயிறு எரிந்தது. உன் சித்திக்குப் போன் போட்டேன். ‘எம்மகனைச் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க விட்டதில்லை நான். இங்க வந்து பாத்தா எச்சிப் பாத்திரம் தேய்க்கிறான்’ என்றேன். வாய் தவறி வந்த பேச்சு இல்லை அது. அவள் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள், என்னைப் பார்த்தாள், திரும்ப மாட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து உன்னை அடுப்படிப் பக்கம் வரவிடாமல் எல்லாவற்றையும் நானே செய்தேன். நான் ஊருக்குத் திரும்பின பிறகு நீ மறுபடி உள்ளே போனாயா? போயிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அவளும் கூப்பிட்டிருக்க மாட்டாள். ரோஷக்காரி.

இன்னொன்று. பால்கனியில் பழைய எண்ணெய் டின்னில் புதினா வைத்திருந்தாள். ‘அத்தை, இன்னைக்குத் துவையல் நம்ம வீட்டுப் புதினா’ என்று கிள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். ‘இந்த நாலு இலைக்கா? கடையில பத்து ரூபாய்க்குக் கட்டே தர்றான்’ என்றேன். நாலு பாத்தி கீரையில் ஒரு வருஷம் குடும்பம் நடத்தினவள் நான். அப்படிச் சொன்னேன். இப்போது உனக்கு விதை அனுப்பி, மணலில் கலந்து தூவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

உன் அக்கா பத்து வயதில் உலை வைத்தாள். உன்னைத் தண்ணீர்கூட மொண்டு குடிக்க விடவில்லை. அதைப் பாசம் என்று நினைத்தேன். உனக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் பிள்ளைதானே? நல்லாவும் வைத்தாய். அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. உன் அப்பாவை இப்போது காலைக் காபி போட வைத்திருக்கிறேன். கழுநீர் மாதிரி இருக்கிறது. குடிக்கிறேன்.

அந்தப் புதினா டின் இருக்கிறதா? மேலே காய்ந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதே. தண்டை ஒட்ட வெட்டிவிட்டு நாலு நாள் தண்ணீர் தெளித்துப் பார். அரிசி களைந்த தண்ணீரே போதும்.

பருப்புப்பொடி இரண்டு டப்பா என்று எழுதினேன் இல்லையா. மூடியில் மஞ்சள் நூல் கட்டியிருப்பதில் பூண்டு கிடையாது. அவளுக்குப் பூண்டு ஆகாது. அதை நீ பிரிக்காதே. தாம்பரத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாதாம், அப்பா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேறு என்ன வேலை? நான் கொடுத்துவிட்டேன் என்று சொல்லாதே, நீ கொடுக்கிற மாதிரிக் கொடு. இல்லை, வேண்டாம். அம்மாதான் கொடுத்தாள் என்றே சொல். இந்தத் தாளையும் வேண்டுமானால் காட்டு. சத்தமாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கும் இடத்தை அவள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: புதுச் சட்டியை நேரே அடுப்பில் ஏற்றிவிடாதே, வெடித்துவிடும். வடிகஞ்சி ஊற்றி ஒரு ராத்திரி அப்படியே வை. கீரையை மூடி வைக்காதே.