ஆரோவில் ரோடும் மழைத்தண்ணீர் போகும் வழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வாழும் ஆரோவில் நகரம் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால் ஒன்று கோர்ட்டு வழக்கு, இல்லாவிட்டால் அதன் நடுவே உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திர் படம். நான் பக்கத்துக் கிராமத்துக்காரன், இருபது வருடத்துக்கு மேலாக அங்கே கொத்தனார் வேலை பார்க்கிறேன். இதில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

2021 டிசம்பரில், நகரத்துக்குள் வட்டமாகப் போடத் திட்டமிட்ட கிரவுன் ரோட்டுக்காக ஜேசிபி வந்து மரங்களைச் சாய்த்தது, 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் வேலை செய்யக்கூடாது என்றது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி ரோடு போடலாம், சரி. 1968இல் தொடங்கும்போது 50,000 பேருக்கான நகரம் என்றார்கள், இன்றைக்கும் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள், அதனால் ரோடும் வீடும் வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். (வேலை நடந்தால் எனக்கும் கூலி. அதை மறைப்பானேன்.)

ஆனால் மரமா ரோடா என்றே இத்தனை வருடமாகச் சண்டை நடக்கிறது, தண்ணீர் பற்றிய பேச்சு செய்திகளில் அதிகம் வருவதில்லை.

ஆரோவில் இருப்பது செம்மண் மேடு, கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். ஒரு காலத்தில் அங்கே நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது, மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். என் அம்மா கல்யாணமான புதிதில் அங்கே மண் வேலைக்குப் போனவர். வெளிநாட்டுக்காரர்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார்கள். "முதல்ல தண்ணிய நிக்க வெச்சோம், அப்புறம்தான் செடி வெச்சோம்" என்று இன்றைக்கும் சொல்வார். இப்போது எல்லோரும் காடு காடு என்கிறார்களே, அதற்கு அடியில் இருப்பது அந்த வரப்புகள். 2011இல் தானே புயலில் வேகமாக வளர்ந்த ஆஸ்திரேலிய வேலமரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தபோதும் வரப்பு இருந்ததால் மண் நின்றது, மறுபடி நட முடிந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. அதற்கு முந்தைய மாதம் நான் வேலை பார்த்த இடத்தில், லாரி வர வழி வேண்டும் என்று இரண்டு வரப்புகளை மெஷின் வைத்து வெட்டிவிட்டார்கள். வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றார் கான்ட்ராக்டர். அங்கே கட்டுவது சுடாத மண்கல்லில். செம்மண்ணைச் சலித்து, 5 சதவீதம் சிமென்ட் கலந்து, மெஷினில் அழுத்தி எடுத்து, நாலு வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். சரியாக ஆறினால் நல்ல கல், நானே எத்தனையோ வீடு கட்டியிருக்கிறேன். ஆனால் நாங்கள் அடுக்கி வைத்திருந்த கற்களுக்கு அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வெட்டின வழியாக வந்த தண்ணீர் நேரே அதற்குள் புகுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் அடி வரிசை இரண்டும் நகத்தால் கீறினால் சேறாக வருகிறது, மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. அதை அப்புறப்படுத்திய நான்கு நாளுக்குக் கூலி இன்றுவரை வரவில்லை, அது தனிக் கதை.

ஒரு சின்னக் கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால், மேட்டைச் சுற்றி வட்டமாக வரும் ரோடு எத்தனை வரப்பை, எத்தனை ஓடையைக் குறுக்கே அறுக்கும்? வரைபடத்தில் வட்டம் அழகாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வட்டமாக ஓடாதே. சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு அடைமழையில் குடையோடு அந்த வழியில் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், எங்கே சிறுபாலம் வைக்க வேண்டும் என்று தண்ணீரே காட்டிவிடும். மாத்ரிமந்திருக்கு 1971இல் அடிக்கல் வைத்து 2008இல் முடித்தவர்கள். 37 வருடம் பொறுத்தவர்களுக்கு ஒரு மழைக்காலம் பொறுப்பது பெரிய விஷயமா?

கோர்ட்டில் ஜெயித்தவர்களிடமும் தோற்றவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: எந்த வேலைக்காக வரப்பை வெட்டினாலும், ஐப்பசி பிறப்பதற்குள் அதைத் திரும்பப் போட்டாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அதற்கான கூலியையும் சேர்த்து. எங்கே என்ன வரப்பு இருந்தது என்று தெரியாவிட்டால் என் அம்மாவைப் போல ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து காட்டுவார்கள். நான் சொன்ன அந்த இரண்டு வரப்பும் இன்னும் வெட்டினபடியேதான் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்