ஜமக்காளக் கணக்கு

பவானி

அன்புள்ள அம்மிணிக்கு,

இந்த மாசம் ஆன்லைனில் ஜமக்காள ஆர்டர் கூடியிருக்கிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான் கண்ணு. ஆனால் தீபாவளி ஆஃபருக்கு விலையை இன்னும் இறக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு ஜமக்காளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார். நூல், சாயம், கூலி உனக்கு அத்துப்படி. அதற்கு மேல் நீ விற்கிற ஆன்லைன் தளத்தின் கமிஷன், கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பேக்கிங், கூரியர். நம் சரக்குக்குக் கூரியர்தான் பெரிய செலவு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கிறார்கள். அதுவா தராசு எடையா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். இரண்டரைக் கிலோ ஜமக்காளத்தை 50×40×10 பெட்டியில் போட்டால் நான்கு கிலோவுக்குப் பணம் கட்டுவாய். இறுக்கி மடித்து 40×30×10-க்குள் அடக்கினால் இரண்டரைக் கிலோவோடு போய்விடும். முதலில் பெட்டியை மாற்று.

விற்ற பணத்திலிருந்து தளம் முன்கூட்டியே பிடிக்கிற வரியான டிசிஎஸ் 2024 ஜூலையிலிருந்து அரை சதவீதம். அதைச் செலவில் எழுதாதே. ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் அங்கே உன் கணக்கான லெட்ஜருக்கே வந்துவிடும்.

வாங்கினவர் சரக்கைத் திருப்பி அனுப்பக்கூடிய ரிட்டர்ன் நாள் கழியும்வரை எதையும் லாபமென்று எண்ணாதே. சிவப்பு ஒரு மாதிரி, அளவு சின்னது என்றுதான் பாதி திரும்பி வருகிறது என்றாய். பகல் வெளிச்சத்தில் விரித்துப் படம் எடு. அளவை அடிக்கணக்கிலும் போடு. நான்கு பேர் உட்கார்ந்த படம் ஒன்றும் இருக்கட்டும்.

இத்தனையும் போக விலையை இறக்க இடமிருந்தால் இறக்கு. இல்லையென்றால் நெய்கிறவர் கூலியில்தான் கைவைக்க வேண்டிவரும். அது வேண்டாம் சாமி. நாள் முழுக்கக் குழித்தறியில் கால் மிதித்து நெய்கிறவர் போய்விட்டால் நாளைக்கு நீ விற்க என்ன இருக்கும்? விசைத்தறி விரிப்போடு நமக்கு விலைப்போட்டி ஆகாது. 1985 சட்டத்தில் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06-லேயே பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வாங்குகிறவர்களுக்கு இதை விவரமாகச் சொல். குறியீட்டைப் போட்டு விற்க அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும். அந்த விண்ணப்ப வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு வரும்போது கணக்கு நோட்டை எடுத்து வா. கடன் ஏதும் வாங்கியிருந்தால் மறைக்காமல் இப்போதே எழுது.

இப்படிக்கு,
அப்பா